சத்தம் ஒன்று, புகை வேறு

நம் வயதுக்காரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்தால், திரும்பிப் பார்க்காமல் அது டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று சொல்வீர்களா? நான் சொல்வேன். போன கிழமை தலை வாரும்போது முதல் நரையைக் கண்டேன். கண்டதும் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது: இத்தனை வயதுக்கு என்னென்ன கற்றோம், எது உதவியது, எது உதவவில்லை. உதவாதவற்றில் முதலிடம் இந்தத் திறமைக்குத்தான். இப்போது கடையில் நிற்கிற ஸ்கூட்டியெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். சில சத்தமே இல்லாமல் மின்சாரத்தில் ஓடுகின்றன. என் சின்ன மகளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "அதுக்கென்ன உம்மா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னோடு ஒரே குழாயடியில் வாளி வைத்து வரிசையில் நின்றவர்கள். என் உம்மாவின் நீல ஸ்கூட்டியைக் கண்டதும் "போட் வருது, போட் வருது" என்று கத்தியவர்களும் நீங்கள்தான்.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம் அது. யுத்தம் முடிந்து மன்னார்ப் பாதை திறந்திருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் பெரியவர்கள், புத்தளம் பக்கம் பாலாவிக்கு மேற்கே உப்பளக் காற்று அடிக்கிற அந்த மணல் குடியிருப்பில் கூடினால் "போவமா, நிப்பமா" என்ற கதைதான். என் வாப்பா முன்கூட்டியே மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டார். பழைய காணி காடு மண்டிக் கிடந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கி ஒரு தகரக் கொட்டில் போட்டிருந்தார். எங்களையும் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நாங்கள் போகாமல் நின்றதற்கு ஒரே காரணம் உம்மாவின் வேலை.

உம்மா அந்த வருஷம்தான் மிட்வைப் மிஸ் ஆனார். வயதெல்லை முடியப்போகிற நேரத்தில் பயிற்சிக்கு எடுபட்டு, என்னை மாமி வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் படித்து முடித்து வந்தவர். பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. கற்பிட்டிப் பாதையிலிருந்து உப்புத்தண்ணீர்க் களப்புப் பக்கம் பிரிகிற மணல் ஒழுங்கைகள் முழுக்க அவருடைய பொறுப்பு. பஸ் பெரிய பாதையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் தென்னந்தோட்டம், உப்பள வரம்பு, கழுதைகள், நடுவில் எங்கோ ஒரு வீடு. உம்மாவுக்கு மேலதிகாரியான பெரிய மிஸ் சிங்களத்தில் நயமாகத்தான் சொன்னார்: "வேலை நிரந்தரமாகும் வரைக்கும் ஒரு வீடும் தவறக்கூடாது. நடந்து சமாளிக்க உன்னால் முடியாது. ஒரு வாகனம் பார்."

வாகனத்தைப் பார்த்தவர் மாமா. உம்மாவின் ஒரே அண்ணன்; உம்மா அவரை நானா என்பார். கற்பிட்டியில் சொந்தமாக ஒரு போட் வைத்துக் கடலுக்குப் போகிறவர். யாருக்கோ ஒரு வலையைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பழைய ஸ்கூட்டியை வாங்கி, தெரிந்த லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்த ஸ்கூட்டிக்கு முதலில் என்ன நிறம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா அதற்கு போட்டுக்கு அடிக்கிற பெயின்றை அடித்திருந்தார். கடும் நீலம், இடுப்பில் ஒரு சிவப்புக் கோடு. கண்ணாடியையும் சில்லையும் தவிர தூரிகை படாத இடமே இல்லை. எஞ்சினைக்கூட விடவில்லை.

"உப்புக் காத்து, தங்கச்சி. இரும்பைத் தின்னாம விடாது. இப்ப பாரு, தண்ணிக்குள்ள இறக்கினாலும் ஒண்டும் ஆகாது" என்றார் மாமா.

"நான் இதைத் தண்ணிக்குள்ள இறக்கவா போறன் நானா?" என்று உம்மா சிரித்தார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கரையில் நின்றபடி, கடலில் வருகிற போட்டின் உருவம் தெரியும் முன்னமே, அதன் புகையைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுவார். இவன் ஓயில் கூடக் கலந்திருக்கிறான், அவன் குறையக் கலந்திருக்கிறான் என்று புகையிலேயே கண்டுபிடிப்பார். அந்த எஞ்சின்கள் எல்லாம் டூ ஸ்ட்ரோக். எரிகிற எண்ணெயோடு ஓயிலையும் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலக்காவிட்டால் நடுக்கடலில் இறுகி நின்றுவிடும். தொண்ணூறில் உம்மாவையும் உம்மாவின் உம்மாவையும் மன்னாரிலிருந்து கற்பிட்டிக் கரைக்கு ஏற்றி வந்த போட்டுக்கு ஓயில் கலந்தவர் மாமாதான். அப்போது அவருக்கு இருபது வயதுகூட இல்லை. கலவை பிழைத்தால் போட்டில் இருக்கிற அத்தனை பேரும் போச்சு என்ற பயத்தில் இரண்டு தடவை அளந்து அளந்து ஊற்றினாராம். அதன் பிறகு மாமாவுக்கு எந்தச் சின்ன எஞ்சினைக் கண்டாலும் டூ ஸ்ட்ரோக்தான். வேறொரு வகை உலகத்தில் இருப்பதை அவர் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் நம்பியிருக்க மாட்டார்.

"வெறும் பெற்றோல் குடுத்தா இது நெஞ்சடைச்சுச் செத்துப் போயிடும்" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்த போத்தலை எடுத்தார். பெரிய பீப்பாயில் வாங்குகிற ஓயிலை மாமா கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி, உடையாமல் இருக்கப் பழைய பேப்பரைச் சுற்றி, வலை பின்னுகிற தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார். ஒரு மூடி நிறைய ஓயிலை பெற்றோலோடு கலந்து ஊற்றி, தானே உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்து நீலப் புகை கிளம்பியது. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"புகையைப் பாரு! டூ ஸ்ட்ரோக்தான்."

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவரும் வந்து பார்த்து, "நீலப் புகை. சந்தேகமே இல்ல" என்று முடித்துவிட்டார்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஓயிலை ஊற்றியதால் புகை வந்தது. புகை வந்ததால் மறுபடியும் ஓயிலை ஊற்றினோம். ஆனால் அன்றைக்கு வாசலில் கூடி நின்ற அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் அது மனதில் படவில்லை. எல்லாருக்கும் மாமாவின் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. கண் முன்னால் புகையே சாட்சி சொல்லும்போது யார் என்ன பேசுவது?

அந்தக் கிழமை உம்மா உப்பள வரம்பில் ஓட்டிப் பழகினார். பின்னால் மாமா ஓடினார், அவருக்குப் பின்னால் நான் ஓடினேன், எனக்குப் பின்னால் நீங்கள் எல்லாரும். இரண்டு கழுதைகள் வரம்பை விட்டு இறங்கி நின்று எங்களைப் பார்த்தன. வெள்ளை உடுப்புக்கு மேல் கறுப்பு அபாயா, அதற்கு மேல் ஹெல்மெட், பின்னால் புகை. பொம்பிளை ஸ்கூட்டி ஓட்டுவதா என்று முணுமுணுத்த பெரியவர்களும், உம்மா விழாமல் திரும்பி வந்தபோது மாஷா அல்லாஹ் என்றார்கள். உம்மாவின் முகம் வெயிலில் சிவந்திருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. காணக் கிடைத்ததற்காக இன்றைக்கும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

நல்ல காலம் அதிக நாள் நிற்கவில்லை. ஸ்கூட்டி காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. உம்மா அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதைப்பார், களைத்துப்போவார், பிறகு நான் உதைப்பேன். சைக்கிள் கடைக்காரர் ப்ளக்கைக் கழற்றினால் அது கறுத்து, எண்ணெய் வடிய இருக்கும். துடைத்துப் போட்டுவிட்டு, "டூ ஸ்ட்ரோக் எண்டா அப்படித்தான் மிஸ்" என்பார். காற்றுக்கு எதிரே போனால் இழுக்காது. எஞ்சினுக்குள் இருமல் மாதிரி ஒரு சத்தம். மாமாவுக்குச் சொன்னால், "ஓயில் காணாது போல" என்று இன்னும் அரை மூடி கூட்டச் சொல்வார். கூட்டினோம். புகையும் கூடியது. காயப்போட்ட உடுப்பில் எல்லாம் அந்த வாசம். புத்தளம் டவுனில் பெரிய கராஜ் இருந்தது. அங்கே விட்டால் ஒரு கிழமை வைத்துக்கொள்வார்கள். ஒரு கிழமை ஸ்கூட்டி இல்லாமல் உம்மாவால் முடியாது.

பிறகு அந்த நாள் வந்தது. களப்புக் கரையில் ஒரு வீட்டில் மாதம் நிறைந்த பெண் ஒருத்தி இருந்தாள். கால் வீங்கியிருக்கிறது, அன்றைக்குப் போய்ப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று உம்மா முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்தார். வழியில், ஒரு வீடும் இல்லாத இடத்தில் ஸ்கூட்டி நின்றுவிட்டது. உம்மா அதை மணலில் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை. வலி வந்து, தேங்காய் ஏற்றுகிற ட்ராக்டரில் அவளைக் கொண்டு போயிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். உம்மா வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கதிரையில் இருந்தார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

பெரிய மிஸ் கூப்பிட்டார். இந்த முறை நயம் குறைந்திருந்தது. இன்னொரு வீடு இப்படித் தவறினால், அந்தப் பகுதியை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டி வரும், நிரந்தர வேலைக்கும் தன்னால் எழுத முடியாது என்றார். அவரில் பிழை இல்லை. ஒரு உயிர் போயிருந்தால் அவரும்தான் பதில் சொல்ல வேண்டும்.

உம்மா வாப்பாவுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"எனக்கு மெசின் விளங்காது புள்ள. கோடாலி எண்டாச் சொல்லு, தீட்டித் தாறன்" என்றார் வாப்பா. கொஞ்சம் பொறுத்து, "ஏலாட்டி வுட்டுட்டு வாங்க. கொட்டில் போட்டுத்தான் இரிக்கு" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் கணக்குப் பார்த்தேன்: போனால் உங்களை விட்டுப் போக வேண்டும், பள்ளிக்கூடத்தை விட்டுப் போக வேண்டும். உம்மாவின் வெள்ளை உடுப்பு அலுமாரிக்குள் போய்விடும். உம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

அதற்கடுத்த காலையில் உடப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன்கார அண்ணன் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். உங்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, நெற்றியில் திருநீறோடு, பெட்டியைத் திறக்கும் முன் பாட்டுப் பாடுகிறவர். உம்மா ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்தார். ஒரு வழியாக அது உயிர் பெற்றது. காலா மீனை நிறுத்துக்கொண்டிருந்த அண்ணன், தராசை அப்படியே பிடித்தபடி காதைக் கொடுத்தார்.

"மிஸ், கோவிக்க வேணாம். உங்கட ஸ்கூட்டி ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் போடுது. ஆனா டூ ஸ்ட்ரோக் புகை விடுது."

"ரெண்டுல எது சரி?" என்றார் உம்மா.

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் மீன் விக்கிறவன். சத்தம் ஒண்டு, புகை வேற ஒண்டு, அவ்வளவுதான் சொல்லுவன்."

பக்கத்து வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை. உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் அந்தக் குழல் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் அகன்ற வாயை வைத்து, மற்ற முனையில் காதை வைத்து உள்ளே இருக்கிற பிள்ளையின் நெஞ்சடிப்பைக் கேட்கிற சின்ன அலுமினியக் குழல். இப்போது அது எங்கே போனதென்று தெரியவில்லை. வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அதன் விளிம்பில் ஒரு நெளிவு இருந்தது மட்டும் என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, உங்கட பைக் ஃபோர் ஸ்ட்ரோக்தானே?"

"ஓம் மிஸ். அது நிச்சயம்."

"ஸ்டார்ட் பண்ணுங்க. அப்படியே வுடுங்க."

உம்மா மண்ணில் முழங்காலில் இருந்து, குழலை அந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் வைத்துக் காதைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒழுங்கையே திரண்டுவிட்டது.

"எத்தனை மாசம் மிஸ்?" என்று யாரோ கேட்டார்கள். வெடித்த சிரிப்பில் கழுதை ஒன்று மிரண்டு ஓடியது.

உம்மா கையை உயர்த்தினார். எல்லாரும் அடங்கினார்கள். பிள்ளையின் நெஞ்சடிப்பைத் தேடும்போதும் அப்படித்தான் கையை உயர்த்துவாராம். பிறகு என்னைக் கூப்பிட்டு, குழலில் என் காதை வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். அதற்குள்ளே ஒழுங்காக, விடாமல், இரண்டு சின்னக் கதவுகள் மாறி மாறித் திறந்து மூடுகிற மாதிரி ஒரு டிக், ஒரு டக்.

"உள்ள கதவு அடிபடுது" என்றேன்.

"அது வால்வ், மகள். போட் மெசின்ல அது இல்ல" என்றார் அண்ணன்.

பிறகு எங்கள் ஸ்கூட்டிக்குக் குழல் வைத்தோம். இருமலுக்கும் இரைச்சலுக்கும் அடியில், களைத்துப்போய், மெல்லமாக, அதே டிக், அதே டக். மாமாவின் போட் எஞ்சின் சத்தம் எனக்கு மனப்பாடம். அது தகரத்தில் கூழாங்கல்லைக் கொட்டுகிற மாதிரி கலகலக்கும். இது அது இல்லை. உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது.

விளங்கினாலும் பயம் போகவில்லை. உம்மா எனக்கு அதைச் சொல்லித்தான் தனக்கும் சொல்லிக்கொண்டார். "டூ ஸ்ட்ரோக்கா இருந்து நாங்க ஓயிலை நிப்பாட்டினா, நானா சொன்ன மாதிரி நெஞ்சடைச்சுப் போயிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா, ஓயில் வயித்துக்குள்ள தனியா இரிக்கணும். இத்தனை மாசமா நாங்க வயித்தைப் பாக்கவே இல்ல." எந்தப் பக்கம் பிழைத்தாலும் ஸ்கூட்டி போய்விடும். ஸ்கூட்டி போனால் வேலை போய்விடும்.

"ஃபோர் ஸ்ட்ரோக் எண்டா ஓயில் பாக்கிற குச்சி ஒண்டு இருக்கணுமே" என்று அண்ணன் தன் பைக்கில் கழற்றிக் காட்டினார். மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி. எங்கள் ஸ்கூட்டியில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே பார்த்தாலும் நீலம். நான் குப்புறப் படுத்து அடியில் கையை விட்டுத் தடவினேன். ஓரிடத்தில் பெயின்ற் மேடாக, வட்டமாக விரலில் தட்டுப்பட்டது. உம்மா ஒரு பழைய கரண்டியைக் கொண்டுவந்து சுரண்டினார். போட் பெயின்ற் லேசில் போகிற சாமானா? தூரிகை தூரிகையாக மாமா அடித்த அன்பு அது. தகடு தகடாக உரிந்து விழுந்தது. கடைசியில் ஒரு கறுத்த மூடியும், அதன் மேல் பதித்த சின்ன ஓயில் டப்பாப் படமும் தெரிந்தன. அண்ணன் குறட்டால் திருகினார். குச்சி வெளியே வந்தது. நுனியில் மட்டும் தார் மாதிரி ஒரு பிசுக்கு. மற்றபடி காய்ந்து கிடந்தது.

மாமா பாதுகாப்புக்கென்று அடித்த பெயின்ற், அந்த ஸ்கூட்டியின் வாயையே மூடியிருந்தது.

உம்மா சந்திக்குப் போய் எஞ்சின் ஓயில் வாங்கினார். சைக்கிள் கடைக்காரர், "டூ ஸ்ட்ரோக்குக்கு இது எதுக்கு மிஸ்?" என்று கேட்டாராம். "வீட்டுக் கேற் கிறீச்சிடுது" என்று உம்மா சொன்னாராம். எங்கள் வீட்டுக்கு வேலியே இல்லை. அண்ணன் ரப்பர் குழாய் வைத்துக் கலவை பெற்றோலை உறிஞ்சி எடுத்து, "எங்கட ஊர் போட்டுக்கு ஆகும்" என்று கானில் ஊற்றிக்கொண்டார். வயிற்றில் புது ஓயில், டாங்கியில் வெறும் பெற்றோல், துடைத்த ப்ளக். உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி உதைத்தார்.

அன்றைக்கு உம்மா வெளியே இருந்த ஒவ்வொரு நிமிஷமும் நான் வாசலில் நின்றேன். நெஞ்சடைச்சுச் செத்துப் போயிடும் என்ற மாமாவின் குரல் காதை விட்டுப் போகவில்லை. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது வரம்பின் முடிவில் நீலம் தெரிந்தது. எல்லா வீட்டுக்கும் போய்விட்டு, நிற்காமல் வந்தது. புகைக் குழாய்க்குள் படிந்திருந்தது எரிய எரிய, புகை அந்தக் கிழமைக்குள் மெலிந்து மெலிந்து, ஒரு நாள் இல்லாமலே போய்விட்டது. நான் பின்னால் ஓடி ஓடிப் பார்த்தேன். வெறும் மணல்தான் பறந்தது.

மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார் உம்மா. "எங்களைக் கரை சேத்த கை அது. பிழைச்சிட்டுது எண்டு நான் எப்படிச் சொல்லுவன்?" சுரண்டிய இடத்தைச் சேலைத் துண்டு ஒன்றால் மறைத்துக் கட்டினார். வெள்ளிக்கிழமைகளில் கற்பிட்டியில் போட் கடலுக்கு இறங்காது. ஜும்மா தொழுதுவிட்டு மாமா மீனும் கையுமாக வருவார். கூடவே பேப்பர் சுற்றித் தங்கூசி கட்டிய போத்தல்.

"எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது நானா, அல்ஹம்துலில்லாஹ்."

"ஓயில் குடிக்குதா?"

"குடிக்குது நானா."

பொய் இல்லைதானே, இப்போது அது வயிற்றில் ஓயில் வைத்திருக்கிற மெசின்தானே என்று பிறகு உம்மா என்னிடம் கேட்பார். போத்தலைப் பிரிக்காமல், குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார். அங்கே வரிசை நீண்டுகொண்டே போனது. எறியவும் மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. மாமா அந்தப் போத்தலை இரண்டு கையாலும் நீட்டுகிற விதம் அப்படி.

நோன்பு வந்து முடியப்போகிற நேரம். பெருநாளைக்கு முதல் நாள் பெரிய மிஸ் தானே வீடு தேடி வந்து, உம்மாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சொன்னார். உம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போன இடத்தில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார். அவர் முகம் சுளிக்காமல் பாதி குடித்தார். அவ்வளவு நல்ல மனுசி.

பெருநாள் காலையில் வாப்பா மன்னாரிலிருந்து வந்திருந்தார். காப்புக் காய்த்த கையோடு என் தலையைத் தடவி, இனி தானே வந்து வந்து போவதாகச் சொன்னார். மாமா புதுச் சாரம் கட்டி, வாசலில் கதிரை போட்டு இருந்தார். ஸ்கூட்டி அவருக்கு முன்னால் நின்றது. உம்மா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். பாதியில் தேங்காய் எண்ணெய் முடிந்துவிட்டது. பெருநாளன்று கடை பூட்டு. கோப்பையைத் தந்து, பக்கத்து வீட்டில் கொஞ்சம் கேட்டு வா என்று என்னை அனுப்பினார். மாமா என்னை மறித்தார்.

"எங்க போறாய் மகள்?"

"எண்ணெய்க்கு மாமா."

"வீட்டுல நிறைய எண்ணெய் இரிக்க ஊருக்குள்ள எதுக்குப் போறாய்? அரிசி வாளிக்குப் பின்னால இரிக்கிறதை எடு."

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. உம்மா கதவடிக்கு வந்தார். கரண்டி கையிலேயே இருந்தது.

"நானா, அது..."

"போய்ப் பிரிச்சுப் பாரு."

உம்மா ஒரு போத்தலை எடுத்து வந்தார். பல்லால் கடித்தும் தங்கூசி அறுபடவில்லை. வாப்பாதான் கத்தி கொண்டுவந்து அறுத்தார். பேப்பரை உரித்தபோது உள்ளே ஓயிலின் கறுப்புச் சிவப்பு இல்லை. தெளிந்த, இளம் மஞ்சள். மூடியைத் திறந்ததும் வாசல் முழுக்கத் தேங்காய் எண்ணெய் மணந்தது. மாமாவின் வளவுத் தேங்காயில், செக்கில் ஆட்டியது.

"கரையில நிண்டு புகையைப் பாத்து யாரிட போட் எண்டு சொல்றவன் நான்" என்றார் மாமா, ஸ்கூட்டியைப் பார்த்தபடி. "என்ட தங்கச்சி போற வண்டியில புகை நிண்டது எனக்குத் தெரியாமலா போகும்? ரெண்டாம் வெள்ளிக்கிழமையே குனிஞ்சு பாத்தன். நீ சுரண்டின இடத்தையும் கண்டன். என்ட கையால நான் உன்ட பொழைப்பைக் கெடுக்கப் பாத்திரிக்கன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. வெறுங்கையோட வரவும் ஏலல்ல."

"ஏன் நானா சொல்லல்ல? இத்தனை நாளும் நான் கடையில எண்ணெய் வாங்கினேனே!" என்று உம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

"நீ பிரிப்பாய், பிரிச்சா வெளங்கும் எண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் பாத்துக்கிட்டு இரிந்தன்" என்றார் மாமா. அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு கண்டிப்பான குரலில் என்னிடம் சொன்னார்:

"சுவரோட ஒட்டி நிக்கிற முதல் ரெண்டு போத்தலையும் தொடாத. அது மெசின் ஓயில், போட்டுக்கு. மத்ததெல்லாம் உம்மாக்கு."